மெட்டல் குழு நடன இசைப் பக்கம் போவதென்றால்: நான்கு வழிகளும் ஒரு டிரம்மரும்

தெரிந்த பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மெட்டல் (கனத்த கிட்டார் ஒலியுள்ள ராக் இசை) குழு நடத்துகிறார்கள். போன மாதம் அவர்களோடு உட்கார்ந்து பேசினேன். அடுத்த ஆல்பத்தில் எலக்ட்ரானிக் நடன இசையைக் கலப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படிக் கலப்பது என்பதில்தான் சண்டை. பாடுகிறவர், பீட்டும் ஒலியும் அமைக்கும் இசைத் தயாரிப்பாளர் ஒருவரை வெளியிலிருந்து கூட்டி வரலாம் என்கிறார். ஒரு கிட்டாரிஸ்ட், இருக்கிற பாட்டுகளை வேறொருவர் மாற்றிக் கலக்க, ரீமிக்ஸுக்குக் கொடுத்தால் போதும் என்கிறார். இன்னொரு கிட்டாரிஸ்ட், சின்த் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவி) தெரிந்த ஆளைக் குழுவிலேயே சேர்க்க வேண்டும் என்கிறார். பேஸ் வாசிப்பவருக்கு மொத்த ஒலியையும் ஒரே அடியாக மாற்றிவிட ஆசை. டிரம்மர் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அந்த மௌனம்தான் உறுத்தியது. முப்பது வருடத்துக்கு மேலாக மெட்டல் குழுக்கள் இந்தச் சோதனையைச் செய்துவருகின்றன. எது நின்றது, எது விழுந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால், சின்த் எவ்வளவு, கிட்டார் எவ்வளவு என்ற கணக்கு பெரிதாக எதையும் விளக்குவதில்லை. அந்தப் பாட்டில் தாளம் யார் கையில் இருந்தது, எந்தக் கட்டத்தில் அது பாட்டுக்குள் வந்தது என்று பார்த்தால் நிறையப் புரிகிறது. அன்றைக்கு அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த இரண்டு இசையும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். மெட்டலில் ரிஃப்தான், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிதான் தலைமை. கிட்டார் எப்படி வெட்டி வெட்டிப் போகிறதோ காலால் அடிக்கும் கிக் டிரம்மும் அதன் கூடவே போகும். கோரஸ் வரும்போது டிரம்மர் ஒரு துளி வேகம் கூட்டுவார், வேகம் குறைந்து கனக்கும் பிரேக்டவுனில் ஒரு துளி இழுத்துப் பிடிப்பார். நடன இசையில் கிக்தான் தலைமை. மற்ற எல்லா ஒலியும் அதற்கு வழிவிட வேண்டும். சைட்செயின் என்று மிக்ஸிங்கில் சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு கிக் விழும்போதும் சின்த்தின் சத்தம் சட்டென்று தாழ்ந்து, உடனே எழும். மூச்சு வாங்குவது போன்ற அந்த அசைவில்தான் கூட்டம் ஆடுகிறது. டிஸ்டார்ஷன் போட்ட இரண்டு கிட்டார்கள் இடைவிடாமல் சுவர் மாதிரி நிற்கும் பாட்டில் அந்த மூச்சுக்கு இடம் கிடையாது.

அடி ஒலியிலும் ஒரு மோதல் உண்டு. அமெரிக்க மெட்டல் குழுவான கோர்னின் ஏழு கம்பி கிட்டாரை வழக்கமான சுருதியிலிருந்து ஒரு முழு ஸ்வரம் இறக்கி வைத்திருப்பார்கள். அதன் கடைசிக் கம்பி 55 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. டப்ஸ்டெப் என்ற நடன இசை வகையின் சப் பேஸும் (மிகத் தாழ்ந்த பேஸ் ஒலி) ஏறக்குறைய 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை அதே இடத்தில்தான் இருக்கும். கூடவே பேஸ் கிட்டார், கிக் டிரம். ஒரு நாற்காலியில் நாலு பேர் உட்கார முடியாது, யாராவது எழுந்தாக வேண்டும். எழப்போவது யார் என்பதைப் பாட்டு எழுதும்போதே முடிவு செய்யாமல் மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட குழுக்களின் பாட்டுகள் சேறு மாதிரிக் கேட்கும்.

அப்புறம் வேகம். எலக்ட்ரானிக் நடன இசையை இடிஎம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அதற்குள் பல வீடுகள் இருக்கின்றன. டப்ஸ்டெப் நிமிடத்துக்கு 140 அடி, ஆனால் ஸ்நேர் (குச்சியால் அடிக்கும், கூர்மையான ஒலியுள்ள டிரம்) பாதி வேகத்தில் விழுவதால் காதுக்கு 70 மாதிரி இருக்கும். மெட்டல் பிரேக்டவுனும் அதே நடைதான் நடக்கிறது. டிரம் அண்ட் பேஸ் 170, 175 என்று ஓடும். த்ராஷ் மெட்டல் பழகிய கைக்கு அது சொந்த ஊர். ஹவுஸும் டிரான்ஸும் 120 முதல் 140 வரை, நாலு அடியிலும் கிக் சமமாக விழும். மெட்டலோடு சேர்க்கக் கஷ்டமானது இந்த வகைதான், ஏனென்றால் ரிஃபின் வெட்டுகளுக்கு அங்கே இடைவெளி குறைவு. முதலில் எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பதைப் பேசி முடியுங்கள்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம். ரீமிக்ஸ் வழிக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் லாஸ் ஏஞ்சலஸின் ஃபியர் ஃபேக்டரி. 1992இல் முதல் ஆல்பம் போட்டவர்கள், அடுத்த வருடமே அதிலிருந்து பாட்டுகளை எடுத்து ‘ஃபியர் இஸ் த மைண்ட்கில்லர்’ என்ற ரீமிக்ஸ் இபியாக (ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீடு) வெளியிட்டார்கள். ரீமிக்ஸ் செய்தது கனடாவின் ஃப்ரன்ட் லைன் அசெம்ப்ளியைச் சேர்ந்த ரீஸ் ஃபுல்பரும் பில் லீபும். டெத் மெட்டல் கேட்டு வளர்ந்த கூட்டத்துக்கு அன்றைக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆனால் அந்த இபியைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஃபுல்பர் வந்துவிட்டுப் போன விருந்தாளியாக இருந்துவிடவில்லை. 1995இல் வந்த ‘டிமானுஃபேக்சர்’ ஆல்பத்தில் கீபோர்டு அவருடையது, இறுதி மிக்ஸிங்கிலும் அவர் கை இருந்தது. ரேமண்ட் ஹெரேராவின் டபுள் கிக்கும் டீனோ கஸாரெஸின் ரிஃபும் தையல் இயந்திரம் மாதிரி ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஓடும் அந்த ஆல்பத்தை இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு முதுகு நிமிர்கிறது. இயந்திரத் தாளம் எப்படி நடக்கும் என்பதை ஒரு மனிதக் கால் கற்றுக்கொண்டுவிட்டது அங்கே. 1997இல் மறுபடி அதே ஆல்பத்தை ‘ரீமானுஃபேக்சர்’ என்று ரீமிக்ஸ் செய்தார்கள்.

லிங்கின் பார்க்கின் 2002 ‘ரீஅனிமேஷன்’, என்டர் ஷிகாரி தங்கள் ‘த மைண்ட்ஸ்வீப்’ ஆல்பத்தை 2015இல் டிரம் அண்ட் பேஸ் கலைஞர்களிடம் கொடுத்து வாங்கியது என்று இந்த வழியில் இன்னும் நிறைய உண்டு. செலவு குறைவு. பிடிக்காவிட்டால் மூல ஆல்பம் அப்படியே இருக்கிறது, ரசிகர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது: கோப்புகளை அனுப்பிவிட்டு முடிவு வரும்வரை காத்திருந்தால் குழு எதையும் கற்றுக்கொள்ளாது. ரீமிக்ஸ் செய்கிறவரின் பக்கத்தில் உங்களில் ஒருவராவது உட்கார வேண்டும். ஒரு நடைமுறை விஷயமும் உண்டு. வேகம் மாறாமல் காதில் டிக் டிக் என்று ஓடும் கிளிக் டிராக் இல்லாமல் பதிந்த பாட்டுகளை ரீமிக்ஸ் செய்வது நரகம். வேகம் ஏறி இறங்குவதை அளந்து அளந்து ஒட்ட வேண்டியிருக்கும். பையன்களின் முதல் ஆல்பம் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. அவர்களுக்கு இந்த வழி அவர்கள் நினைக்கும் அளவுக்கு மலிவாக இருக்காது.

இரண்டாவது வழியான, வெளியிலிருந்து தயாரிப்பாளரைக் கூட்டி வருவதற்குக் கோர்னின் ‘த பாத் ஆஃப் டோட்டாலிட்டி’யைத் தவிர வேறு எதைப் பேசுவது? கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்து, 1994இல் முதல் ஆல்பத்தோடு நூ மெட்டல் என்ற புது வகைக்கு வாசல் திறந்தவர்கள். 2011 மே மாதம் டப்ஸ்டெப் தயாரிப்பாளர் ஸ்க்ரில்லெக்ஸோடு சேர்ந்து ‘கெட் அப்!’ பாட்டை வெளியிட்டார்கள். சின்ன இபி என்று தொடங்கிய யோசனை வளர்ந்து, டிசம்பரில் முழு ஆல்பமாக வந்தது. ஸ்க்ரில்லெக்ஸ், நெதர்லாந்தின் நொய்சியா, கனடாவின் எக்ஸிஷன், இன்னும் கில் த நொய்ஸ், ஃபீட் மீ, 12த் பிளானட் என்று பாட்டுக்குப் பாட்டு வேறு தயாரிப்பாளர்கள். பதினொரு பாட்டுக்கு இத்தனை கைகள் பட்டால் ஆல்பம் சிதறிப்போக வேண்டும். சிதறவில்லை, காரணம் பாடகர் ஜொனாதன் டேவிஸின் குரல். முனகலில் தொடங்கி உறுமலில் முடியும் அந்தக் குரல் பதினேழு வருடமாக ரசிகர்கள் காதில் ஊறியது. அடியில் எந்தப் பீட் ஓடினாலும் இரண்டாவது நொடியில் இது கோர்ன் என்று தெரிந்துவிடும். ‘ரிவால்வர்’ பத்திரிகையின் கோல்டன் காட்ஸ் விழாவில் 2012இல் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்று பரிசும் கிடைத்தது. பழைய ரசிகர்களில் ஒரு பகுதி திட்டியதும் உண்மை.

இந்த ஆல்பத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், அதன் மேல் அன்பும் உண்டு. அதனாலேயே சொல்கிறேன்: அதில் காதுக்கு முன்னால் நிற்பது தயாரிப்பாளரின் பீட். கோர்னின் ரே லூஸியர் எப்படிப்பட்ட டிரம்மர் என்பது அவரை மேடையில் கேட்டவர்களுக்குத் தெரியும்; இந்த ஆல்பத்தை மட்டும் கேட்டவர்களுக்கு அது தெரியாது. கிட்டாரும் பல இடங்களில் சப் பேஸுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. அடுத்த ஆல்பம் 2013இல் வந்தபோது பழைய கிட்டாரிஸ்ட் பிரையன் வெல்ச் திரும்பி வந்திருந்தார், கிட்டார்களும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. டப்ஸ்டெப் அவர்களுக்கு ஒரு பயணம், குடிபெயர்ப்பு இல்லை. அப்படிப் போய்விட்டு வர, திரும்பி வருவதற்கு ஒரு வீடு வேண்டும். பையன்களுக்கு ஒரே ஒரு ஆல்பம்தான் இருக்கிறது. பெயர் தெரிந்த தயாரிப்பாளர் ஒருவரோடு அவர்கள் சேர்ந்தால், கேட்கிறவர்கள் தயாரிப்பாளரின் பெயரைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்பது என் பயம்.

இருந்தாலும் இந்த வழிதான் என்றால், மெட்டல் தெரிந்த தயாரிப்பாளராகப் பாருங்கள். ஸ்க்ரில்லெக்ஸ் என்கிற சன்னி மூர் 2004 முதல் 2007 வரை ஃப்ரம் ஃபர்ஸ்ட் டு லாஸ்ட் என்ற போஸ்ட் ஹார்ட்கோர் குழுவில் பாடிக் கத்தியவர். பிரேக்டவுனுக்கு முன்னால் கூட்டம் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதை மேடையில் நின்று பார்த்த ஆள். டப்ஸ்டெப்பின் டிராப்பை (ஏறிக்கொண்டே போன இசை சட்டென்று கனத்த பீட்டாக விழும் இடம்) அவர் செய்த விதத்தில் அந்த அனுபவம் கேட்கிறது. பணம் பற்றி ஒரு வரி: பாட்டின் உரிமையில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதல் பீட் கைக்கு வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழியான ஆளை உள்ளேயே வைத்துக்கொள்வதில்தான் என் மனம் நிற்கிறது. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்க்காரர்களான என்டர் ஷிகாரி 2007இல் ‘டேக் டு த ஸ்கைஸ்’ ஆல்பத்தைச் சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். பிரிட்டன் பட்டியலில் நான்காவது இடத்துக்குப் போனது. (ஷிகாரி என்பது வேட்டைக்காரரைக் குறிக்கும் நம் பக்கத்துச் சொல்தான்.) பாடுகிற ரூ ரெனால்ட்ஸே எலக்ட்ரானிக்ஸையும் கையில் வைத்திருக்கிறார். டிரான்ஸ் கீபோர்டு ஒன்று மேலே ஏறிக்கொண்டே போகும், உச்சியில் அறுந்து விழும், விழுந்த இடத்தில் நாலு பேரும் கத்தலோடு பாய்வார்கள். சின்த்தைப் பின்னால் ஒட்டவைத்த மாதிரி எங்கும் கேட்காது. பாட்டு எழுதும் ஆளும் சின்த் ஆளும் ஒருவராக இருப்பதன் பலன் இது.

ஜெர்மனியின் காஸ்ட்ரோப்-ராக்ஸெல் ஊரிலிருந்து வரும் எலெக்ட்ரிக் கால்பாய் இதையே இன்னும் தெளிவாகச் செய்கிறார்கள். 2010இல் தொடங்கிய குழு. பாடகர்களில் ஒருவரான கெவின் ராட்டாய்சாக்கே கீபோர்டையும் பார்த்துக்கொள்கிறார். 2020இல் நிகோ சலாக் இரண்டாவது பாடகராக வந்தார், அதே வருடம் ‘ஹைப்பா ஹைப்பா’ வந்தது, 2022இல் ‘டெக்னோ’ ஆல்பம் ஜெர்மன் பட்டியலில் முதலிடம். அவர்கள் பாட்டுகளை உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். யூரோடான்ஸ் என்ற நாலடி நடன இசை வரும்போது கிட்டார் ஒதுங்கிவிடுகிறது, பிரேக்டவுன் வரும்போது சின்த் ஒதுங்கிவிடுகிறது. கோர்ன் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதை இவர்கள் முறைவைத்து மாற்றுகிறார்கள். நாற்காலிச் சண்டை அதனாலேயே எழுவதில்லை. நாலடிக் கிக்கும் மெட்டலும் சேரக் கஷ்டம் என்று மேலே சொன்னேன். அந்தக் கஷ்டத்தைத் தாண்ட நான் கேட்டதில் சிறந்த உபாயம் இந்த முறைமாற்றம்தான். ஆனால் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் அந்த முதலிடம் வந்தது என்பதையும் பையன்களிடம் சொன்னேன். புதிய ஆள் வந்து, அவரோடு சண்டை போட்டு, பழகி, ஒரு மொழி உருவாக நாளாகும்.

இந்த வழியில் ஆபத்து எங்கே என்றால் ஷெஃபீல்டின் பிரிங் மீ த ஹொரைசனைப் பார்க்கலாம். 2012இல் ஜோர்டன் ஃபிஷ் கீபோர்டுக்கு வந்தார், அடுத்த வருடம் ‘செம்பிடெர்னல்’, குழுவின் முகமே மாறியது. 2019இன் ‘ஆமோ’வில் அவர்கள் எலக்ட்ரானிக் பாப் வரைக்கும் போனார்கள். 2023 முடிவில் அவர் விலகிவிட்டார். பத்து வருடமாக ஒலியின் சாவி யாரிடம் இருந்ததோ அவர் போய்விட்டால் மற்றவர்கள் என்ன செய்வது? அவ்வளவு பெரிய குழு சமாளித்துக்கொள்ளும். சின்னக் குழுவில், புதிய ஆளின் லேப்டாப்பில் இருப்பதெல்லாம் இன்னொருவருக்கும் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். கோப்புகளின் பிரதி இரண்டாவது ஆளிடம் இருக்க வேண்டும். இதை ஆரம்பத்திலேயே பேசினால் யார் மனமும் புண்படாது.

நான்காவது, எல்லாவற்றையும் மாற்றுவது. பாரடைஸ் லாஸ்ட் 1999இல் ‘ஹோஸ்ட்’ ஆல்பம் போட்டபோது அதைத்தான் செய்தார்கள். யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்து, டூம் மெட்டலையும் காத்திக் மெட்டலையும் வளர்த்த குழு. கனத்த கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு சின்த்தும் நிரல் செய்த தாளமுமாக வந்தார்கள். மெட்டல் ரசிகர்கள் பலர் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அது அழகான ஆல்பம். பாட்டுகள் உறுதியானவை, சோகம் பழைய சோகம்தான். பிறகு குழு படிப்படியாகக் கனத்த ஒலிக்குத் திரும்பியது. அங்கே நிற்கவில்லை கதை: பாடகர் நிக் ஹோம்ஸும் கிட்டாரிஸ்ட் கிரெகர் மெக்கின்டோஷும் ‘ஹோஸ்ட்’ என்ற பெயரிலேயே தனிக் குழு தொடங்கி, 2023இல் அந்த மின்னிசையில் ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். இரண்டு ஆசைக்கும் இரண்டு பெயர். இருபத்து நான்கு வருடம் முன்பே இப்படிச் செய்திருந்தால் எவ்வளவு மனவருத்தம் மிச்சமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

மார்பிட் ஏஞ்சல் கதை இன்னும் கடுமை. டெத் மெட்டலின் தூண்களில் ஒன்று. எட்டு வருடம் காத்திருந்த ரசிகர்களுக்கு 2011இல் ‘இல்லுட் டிவினும் இன்சானுஸ்’ வந்தது. சில பாட்டுகள் வழக்கமான டெத் மெட்டல், சில பாட்டுகள் இன்டஸ்ட்ரியல், டெக்னோ பக்கம். இரண்டும் ஒரே தட்டில், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை. புயலென வாசிக்கும் அவர்களின் டிரம்மர் பீட் சாண்டோவல் முதுகு அறுவை சிகிச்சை காரணமாக அந்த ஆல்பத்தில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். ரசிகர்களின் கோபம் பெரிது. 2017இல் அடுத்த ஆல்பம் வந்தபோது அந்தச் சோதனையின் சுவடே இல்லை. பேஸ் வாசிக்கும் தம்பியிடம் இந்த இரண்டு ஆல்பங்களையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். முழுதாக மாற ஆசை இருந்தால் ‘ஹோஸ்ட்’ மாதிரி முழுதாக, முடிந்தால் வேறு பெயரில். பாதி பாதியாக ஒரு ஆல்பத்தில் வேண்டவே வேண்டாம்.

எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. பெர்த் நகரின் பெண்டுலம் டிரம் அண்ட் பேஸ் தயாரிப்பாளர்களாக இருந்து, டிரம்மரும் கிட்டாரிஸ்டும் உள்ள மேடைக் குழுவாக மாறியவர்கள். 2010இன் ‘இமர்ஷன்’ ஆல்பத்தில் ஸ்வீடனின் இன் ஃப்ளேம்ஸோடு ஒரு பாட்டே செய்தார்கள். மெட்டல் பழகிய டிரம்மர் எந்த நடன இசைக்கு முதலில் போகலாம் என்று கேட்டால் பெண்டுலத்தைத்தான் போட்டுக் காட்டுவேன்.

மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த வழியில் போனாலும், மேடையில் லேப்டாப் ஒன்று ஓடும், டிரம்மரின் காதில் கிளிக் ஓடும். அதோடு ஒட்டி வாசிக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒருமுறை ஒரு நிகழ்ச்சியில் ஒலிக்கட்டுப்பாட்டு மேஜைப் பக்கத்தில் நின்றிருந்தேன். பாட்டின் நடுவில் லேப்டாப் உறைந்துவிட்டது. சின்த் போனது, கிளிக்கும் போனது. டிரம்மர் ஒரு கணம்கூட நிறுத்தவில்லை. பேஸ் கிட்டாரைப் பார்த்துத் தலையை ஆட்டி, மீதி இரண்டு நிமிடத்தையும் வெறும் மெட்டலாகவே வாசித்து முடித்தார்கள். அந்தப் பாட்டைச் சின்த் இல்லாமலும் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. நீங்களும் அப்படிப் பாருங்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, டிரம்மர் பக்கம் திரும்பி, உனக்கு என்ன தோன்றுகிறது தம்பி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நான் வாசிக்கிறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்குமாண்ணே?” என்றான். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொல்லக்கூடிய வழி எதுவோ அதை எடுங்கள் என்றேன் மற்ற நாலு பேரிடமும். என் கணக்கில் அது மூன்றாவது வழி. ஆறு மாதத்துக்கு ஆல்பம் பேச்சு வேண்டாம். ஒரே ஒரு புதுப் பாட்டு, 140 வேகத்தில், ஸ்நேர் பாதியில். சின்த் ஆளும் டிரம்மரும் இரண்டு பேர் மட்டும் முதலில் உட்கார்ந்து தாளத்தை எழுதட்டும். கிட்டார்கள் பிறகு உள்ளே வரட்டும், கிக் விழாத இடம் பார்த்து. பாடுகிறவர் கடைசியில். அந்த ஒரு பாட்டைக் கிளிக்கோடு பதிந்துவிட்டால், நாளைக்கு யாராவது ரீமிக்ஸ் கேட்டாலும் கொடுக்கக் கையில் ஏதோ இருக்கும்.

சின்த் தெரிந்த பெண் ஒருத்தி கிடைத்திருக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வருகிறாள். பையன்கள் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளும் டிரம்மரும் முதல் ஒரு மணி நேரம் தனியாக இருக்கட்டும், நான் பத்து மணிக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.